நடுவில் நிற்கும் கணினி: கேம் கன்சோலுக்கு இணையம் பகிர்தல் பற்றி ஓர் ஆய்வு

மடிக்கணினிக்கு வை-ஃபை கிடைக்கிறது. அதே அறையில் டிவிக்குக் கீழே இருக்கும் கேம் கன்சோலுக்குக் கிடைப்பதில்லை. அப்போது கணினியிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துக் கன்சோலில் செருகி, கணினிக்கு வரும் இணையத்தை அதற்கும் பங்கிட்டுக் கொடுப்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கிவரும் வழி. இதைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. கன்சோல்களில் வை-ஃபை இல்லாத காலத்தில் பிறந்த ஒட்டுவேலை இது, இன்றைக்குத் தேவையில்லை என்பது ஒன்று. இப்படி இணைத்தால் ஆட்டம் தாமதமாகும், நண்பர்களோடு சேர முடியாது, ஆகவே இது என்றைக்குமே குறையுள்ள வழி என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கன்சோல்களின் வரலாற்றையும் வலைப்பின்னல் இயங்கும் விதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. கன்சோலுக்குக் குறைவாக இருந்தது வை-ஃபை சில்லு மட்டும்தான் என்றால், சில்லு வந்தவுடன் இந்தத் தேவை தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. கன்சோல் தன் வேலைக்கென்றே பூட்டி வைக்கப்பட்ட பெட்டி. வலைப்பின்னல்களோ இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் தங்கள் நடைமுறையை மாற்றிக்கொள்கின்றன. இவற்றுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளர் போல ஒரு பொதுப்பயன் இயந்திரம் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் கணினி தொடர்ந்து நிற்க வழி இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேவை பிறந்த விதம்

2001 நவம்பரில் வெளிவந்த முதல் எக்ஸ்பாக்ஸில் ஈதர்நெட் துளை இருந்தது, வை-ஃபை இல்லை. சரியாக ஓராண்டு கழித்து 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியது. பிளேஸ்டேஷன் 2-க்கு நெட்வொர்க் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. 2004-இல் வந்த மெலிந்த வடிவத்தில்தான் ஈதர்நெட் உடலோடு சேர்ந்தது. மடிக்கணினிகள் அதற்குள் வேறு திசையில் போய்விட்டன. 802.11பி தரம் 1999-இல் வந்தது. 2003 மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோ வந்த பின் வை-ஃபை இல்லாத மடிக்கணினி அரிதாகத் தொடங்கியது. பகிரும் வசதியும் முன்பே தயாராக இருந்தது. 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைய இணைப்புப் பகிர்வு சேர்க்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒரே டயல்-அப் இணைப்பை இரண்டு கணினிகள் பங்கிட்டுக்கொள்ளத்தான் அது வந்தது. ஆப்பிளின் மேக் ஓஎஸ் 10.2 பதிப்பு 2002-இல் அதே வசதியைத் தந்தது. இந்த வசதிக்குக் கன்சோலும் இன்னொரு கணினி போலத்தான் தெரியும். அதனால் எந்த நிறுவனமும் சொல்லித்தராமலே மக்கள் இரண்டையும் இணைத்துக்கொண்டார்கள்.

விலையும் இந்த வழிக்கு மக்களைத் தள்ளியது. 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் வெளிவந்தபோது அதன் அடிப்படை மாதிரியின் விலை 299.99 டாலர், அதற்கான வயர்லெஸ் அடாப்டர் தனியாக 99.99 டாலர். கன்சோலின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வை-ஃபைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். மேசையில் ஏற்கெனவே வை-ஃபையோடு ஒரு கணினி இருக்கும்போது, கேபிள் ஒன்றின் விலையில் வேலை முடியும் என்றால் எதை எடுப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் 60 ஜிபி மாதிரியில் வை-ஃபை இருந்தது. 20 ஜிபி மாதிரியில் இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360 தன் உடலிலேயே வை-ஃபையைப் பெற 2010-இல் மெலிந்த மாதிரி வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நின்டெண்டோவின் கதை இதற்கு நேர்மாறானது. ஆய்வுக்கு அதுதான் மிகவும் பயன்படும் சான்று. டிஎஸ் கையடக்கக் கருவிக்கு வை-ஃபை மட்டுமே உண்டு. கேபிள் செருக இடமே இல்லை. ஆனால் 2005-இல் பல வீடுகளில் ரவுட்டர் இல்லை, கணினிக்கு நேராகக் கேபிள் இணைப்பு மட்டும் இருந்தது. அந்த வீடுகளுக்காக நின்டெண்டோவே அவ்வாண்டு ஒரு சிறு யுஎஸ்பி கருவியை விற்றது. அதை விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் செருகினால், கணினியின் இணையம் டிஎஸ்ஸுக்கு அலைவழியாகப் போகும். எக்ஸ்பாக்ஸுக்குக் கேபிள் தெரியும், அலை தெரியாது. டிஎஸ்ஸுக்கு அலை தெரியும், கேபிள் தெரியாது. எதிரெதிரான இரண்டு குறைகளையும் ஒரே இயந்திரம் தீர்த்தது. மேலும் ஒரு படி சென்ற உதாரணமும் உண்டு. 2001-இல் வந்த முதல் ஹேலோ விளையாட்டுக்கு இணைய ஆட்டமே கிடையாது. நான்கு எக்ஸ்பாக்ஸ்களை அருகருகே வைத்து லேன் கேபிளால் இணைத்து 16 பேர் ஆடலாம், அவ்வளவுதான். அந்த உள்ளூர்ப் பொட்டலங்களைக் கணினி பிடித்து இணையம் வழியே இன்னொரு வீட்டுக் கணினிக்குக் கடத்தும் மென்பொருள்கள் விரைவிலேயே வந்தன. எக்ஸ்லிங்க் காய் அவற்றில் நிலைத்து நின்றது. இணையமே தெரியாத ஆட்டம், கணினி நடுவில் நின்றதால் இணைய ஆட்டம் ஆனது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

விண்டோஸில் செய்ய வேண்டியது ஒரே ஒரு டிக். நெட்வொர்க் இணைப்புகள் பக்கத்தைத் திறந்தால் வை-ஃபைக்கு ஒரு சின்னமும் ஈதர்நெட்டுக்கு ஒரு சின்னமும் இருக்கும். பலர் தடுமாறும் இடம் இது. கன்சோல் ஈதர்நெட்டில் தொங்குவதால் ஈதர்நெட்டைத்தான் பகிர வேண்டும் என்று அதன் மேல் டிக் போடுகிறார்கள்; கன்சோல் வெகுநேரம் முகவரி தேடிவிட்டுத் தோல்வி என்று காட்டுகிறது. டிக் போட வேண்டியது இணையம் உள்ளே வரும் இணைப்பின் மேல், அதாவது வை-ஃபையின் பண்புகளில் உள்ள ஷேரிங் பகுதியில். அதைப் போட்டவுடன் கணினியின் ஈதர்நெட் துளை 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்கிறது. கன்சோல் "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று கேட்க, கணினி அதே வரிசையில் ஓர் எண்ணைத் தருகிறது. அதன் பிறகு கன்சோல் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உள்ள அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் வை-ஃபை முகவரியை எழுதி வெளியே விடுகிறது. எந்தப் பொட்டலம் யாருடையது என்பதை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் பட்டியலைப் பார்த்துக் கன்சோலுக்குத் திருப்புகிறது. முகவரி மாற்றம் அல்லது நேட் எனப்படும் இந்த முறை 1994 மே மாதம் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணமாக வெளிவந்தது. 32 பிட் அளவுள்ள ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான் என்பதால், ஒரு முகவரியின் பின்னால் பல கருவிகளை நிறுத்தக் கண்ட உபாயம் அது.

முகவரியை மாற்றாமல் இரண்டு துளைகளையும் நேராக இணைத்து ஒரே வலையாக்கிவிடலாமே என்ற கேள்வி எழும். விண்டோஸ் எக்ஸ்பி காலம் தொட்டே பிரிட்ஜ் என்ற பெயரில் அந்த வசதியும் இருக்கிறது. கேபிளுக்கும் கேபிளுக்கும் நடுவே அது நன்றாக வேலை செய்யும், வை-ஃபையில் தடுமாறும். காரணம் வை-ஃபை பொட்டலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான முறையில் ஒரு மடிக்கணினி ரவுட்டருக்கு அனுப்பும் பொட்டலத்தில் மூன்று வன்பொருள் முகவரிகளுக்குத்தான் இடம்: ரவுட்டர், அனுப்பும் மடிக்கணினி, போய்ச் சேர வேண்டிய இடம். "இது நான் அனுப்புவது, ஆனால் எனக்குப் பின்னால் இருக்கும் கன்சோல் எழுதியது" என்று சொல்ல நான்காவது இடம் வேண்டும்; சாதாரண இணைப்பில் அது கிடையாது. தன்னிடம் பதிவு செய்துகொள்ளாத கன்சோலின் முகவரியோடு வரும் பொட்டலத்தை ரவுட்டர் ஏற்காது. ஆகவே வை-ஃபையைக் கேபிளுக்கு மாற்றும் வீட்டில் பிரிட்ஜைத் தேடி நேரம் கழிப்பதைவிட, முகவரி மாற்றும் பகிர்வையே நம்புவது சரி.

நண்பர்களோடு சேர முடியவில்லை என்ற தடை

இந்த வழிக்கு எதிராகச் சொல்லப்படும் மிக வலுவான குற்றச்சாட்டு இது, தட்டிக்கழிக்கக் கூடாது. வீட்டு ரவுட்டர் ஏற்கெனவே ஒருமுறை முகவரியை மாற்றுகிறது. கணினி இன்னொருமுறை மாற்றினால் கன்சோல் இரண்டு சுவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. இணையப் பக்கத்தைப் பார்க்கவோ விளையாட்டை இறக்கவோ இது தடையில்லை. ஏனென்றால் அங்கே பேச்சைத் தொடங்குவது கன்சோல்தான். ஆனால் பல விளையாட்டுகளில் ஆடுபவர்களின் கன்சோல்கள் ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டும். வெளியிலிருந்து முதலில் வரும் பொட்டலத்துக்குப் பட்டியலில் குறிப்பே இருக்காது, ஆகவே அது கைவிடப்படும். எக்ஸ்பாக்ஸ் இந்த நிலையை ஓபன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. பிளேஸ்டேஷனோ அதையே 1, 2, 3 என்று எண்ணிடுகிறது. ஸ்ட்ரிக்ட் நிலையில் உள்ளவர் ஓபன் நிலையில் உள்ளவரோடு மட்டுமே சேர முடியும். தன்னைப் போன்ற இன்னொருவரோடு குரலில் உரையாடவும் முடியாது. கருவிகள் தாமாகவே கதவு திறக்கக் கேட்கும் யூபிஎன்பி முறையும் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. கன்சோல் கேட்பது கணினியின் காதில் விழும். கணினி அதை ரவுட்டரிடம் எடுத்துச் சொல்வதில்லை.

இத்தனையும் உண்மை. ஆனால் பழி முழுவதும் கணினியின் மேல் விழ வேண்டுமா? ரவுட்டர் நம் கையில் இருந்தால், எக்ஸ்பாக்ஸுக்குரிய 3074 என்ற போர்ட்டை ரவுட்டரில் கணினிக்கும், கணினியில் கன்சோலுக்கும் திருப்பிவிட்டால் இரண்டு சுவர்களிலும் வாசல் கிடைத்துவிடும். ரவுட்டர் நம் கையில் இல்லாத விடுதியிலோ ஓட்டலிலோ, கன்சோலை நேராக வை-ஃபையில் இணைத்தாலும் முதல் சுவர் அப்படியேதான் நிற்கும். ஐபி முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்தது. அதன் பிறகு இணைய நிறுவனங்களே ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே முகவரியின் பின்னால் நிறுத்தத் தொடங்கின. அதற்கென்று 2012-இல் 100.64 என்று தொடங்கும் தனி முகவரி வரிசையே ஒதுக்கப்பட்டது. இன்று மொபைல் டேட்டாவில் ஆடும் ஒருவர், நடுவில் கணினி எதுவும் இல்லாமலே, தாம் தொடவே முடியாத ஒரு சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறார். நோயின் பெயர் முகவரிப் பஞ்சம். அதன் மருந்து ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. இந்த இடத்தில் கணினிப் பகிர்வு திருந்த வேண்டியது உண்டு: பெரும்பாலும் அது பழைய ஐபிவி4 போக்குவரத்தை மட்டுமே கடத்துகிறது, புதிய முகவரியைக் கன்சோலுக்கும் பிரித்துத் தருவதில்லை. இயங்குதளங்களைச் செய்பவர்கள் சரிசெய்ய வேண்டிய குறை இது. பகிர்வு என்ற எண்ணத்தையே தள்ளிவைக்க இது காரணமாகாது.

தாமதம் எங்கே பிறக்கிறது

நடுவில் ஓர் இயந்திரம் நின்றால் ஆட்டம் தாமதமாகும் என்பது அடுத்த தடை. இதை எண்களால் அளந்து பார்க்கலாம். நொடிக்கு 60 படங்கள் காட்டும் விளையாட்டில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. முகவரியை மாற்றி எழுதக் கணினிக்கு ஒரு மில்லிநொடிகூட ஆகாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். சிங்கப்பூர் சர்வரில் ஆடும் சென்னைக்காரருக்கு, நேர்கோட்டில் இழை கிடந்தாலும் போய்வர 29 மில்லிநொடி இயற்கையின் வரி. அதன் முன் கணினியின் பங்கு பொருட்படுத்தத்தக்கதில்லை. தாமதத்தை உண்டாக்குவது அலைவழிதான். ரவுட்டருக்கு அருகில் உள்ள கணினியிலிருந்து கேபிள் வழியாக வரும் இணைப்பு, சுவர்களுக்கு அப்பால் டிவி அலமாரிக்குள் கிடக்கும் கன்சோல் தானே பிடிக்கும் வை-ஃபையைவிடச் சீராக இருக்கவும் கூடும். 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் 2016-இல் வந்த மாதிரிகளில்தான் சேர்ந்தது. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 2.4-இல் நெரியும் அடுக்குமாடிக் குடியிருப்பில், 5-இல் பேசும் மடிக்கணினி வழியாகக் கேபிளில் இறங்குவது அந்தக் கன்சோலுக்கு முன்னேற்றம்.

எல்லாப் பகிர்வும் ஒரே தரமானதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற பொத்தான் எல்லோருக்கும் கிடைத்தது. கேபிளே இல்லாமல் எட்டுக் கருவிகள் வரை சேர்க்கலாம். ஆனால் ஒரே வை-ஃபை சில்லு ரவுட்டரோடும் பேச வேண்டும், கன்சோலோடும் பேச வேண்டும். ஒரே அலைவரிசையில் ஒவ்வொரு பொட்டலமும் இரண்டு முறை பறக்கிறது, வேகம் பாதியாகிவிடும். 100 ஜிபி விளையாட்டை 40 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். அதுவே 20 ஆனால் பதினொரு மணி நேரம். அந்த இரவு முழுக்கக் கணினி தூங்காமலும் இருக்க வேண்டும். உறக்க அமைப்பை மாற்ற மறந்தால் பாதியில் நின்றுபோன இறக்கம்தான் காலையில் கண்ணில் படும். கணினியை அணைத்துப் போட்டால் பகிர்வு செயலிழந்துபோகும் குறை விண்டோஸ் 10-இல் இருந்ததை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு, ரெஜிஸ்ட்ரியில் செய்ய வேண்டிய திருத்தத்தை வெளியிட்டது. ஆகவே முடிந்தவரை ஒரு பக்கமாவது கேபிள் இருக்கட்டும் என்பது இந்த ஆய்வு தரும் நடைமுறை விதி. மெலிந்த மடிக்கணினியில் லேன் துளை இல்லையென்றால் ஒரு யுஎஸ்பி அடாப்டர் போதும்.

இன்று எதற்கு?

பிளேஸ்டேஷன் 5-இல் வை-ஃபை 6 இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் வை-ஃபை உள்ளேயே இருக்கிறது. பிறகு எதற்குக் கணினி என்பது மூன்றாவது தடை. இதற்கான பதில் பல்கலைக்கழக விடுதிகளில் கிடைக்கிறது. அங்கே வை-ஃபைக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் கிடையாது. 802.1எக்ஸ் முறைப்படி ஒவ்வொரு மாணவரும் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைய வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கும் எடுரோம் இந்த முறையில்தான் இயங்குகிறது. ஒரு கல்லூரி மாணவர் இன்னொரு நாட்டுக் கல்லூரிக்குப் போனாலும் அதே கணக்கால் நுழைய முடிவது அதன் பெருமை. மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் இந்த முறை தெரியும். எக்ஸ்பாக்ஸுக்கோ பிளேஸ்டேஷனுக்கோ நின்டெண்டோ ஸ்விட்சுக்கோ தெரியாது. பெயர் கேட்கும் பெட்டியே அவற்றின் திரையில் வராது. உள்ளே மிக நவீனமான வை-ஃபை சில்லு இருந்தும் வாசலில் நிற்கின்றன. சில்லு இல்லாதது குறையென்று சொன்ன காலம் போய், சில்லு இருந்தும் போதாத காலம் வந்துவிட்டது. நடுவில் நிற்கும் கணினியின் தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய கன்சோல்கள் இன்னொரு சான்று. டிஎஸ் விளையாட்டுகளுக்குத் தெரிந்த வை-ஃபை பூட்டு டபிள்யூஇபி மட்டுமே. அதன் பலவீனத்தை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் 2001-இலேயே காட்டிவிட்டார்கள். வீடு முழுவதற்கும் அந்தப் பூட்டைப் போடுவது ஆபத்து. நின்டெண்டோ தன் பழைய இணையச் சேவையை 2014 மே 20-ஆம் தேதி நிறுத்தியது. முதல் எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவை 2010 ஏப்ரல் 15-இல் நின்றது. ஆர்வலர்கள் மாற்றுச் சர்வர்களை அமைத்து அந்த விளையாட்டுகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வீட்டு ரவுட்டரை வலுவாகப் பூட்டி வைத்துவிட்டு, பழைய கருவிக்காக மட்டும் தேவைப்படும் நேரத்தில் கணினி வழியே தனி வாசல் திறந்து மூடுவது, பாதுகாப்பையும் பழமையையும் ஒருசேரக் காக்கும் வழி. புத்தகத்தைப் பாதுகாக்கும் நூலகத்தை மதிக்கும் சமூகம், ஒரு தலைமுறை கூடி ஆடிய ஆட்டங்களையும் இயங்கும் நிலையில் வைத்திருக்க விரும்ப வேண்டும்.

விடுதி விதிகளை மீறும் செயல் அல்லவா இது என்ற கவலை நியாயமானது. ஒரே கட்டடத்தில் நூறு மாணவர்கள் நூறு ஹாட்ஸ்பாட் தொடங்கினால் எல்லோருடைய வை-ஃபையும் கெடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றுதான். பகிர்ந்த இணைப்பில் நடப்பதெல்லாம் கணக்குக்காரர் பெயரிலேயே பதிவாகும் என்பதையும் மறக்கக் கூடாது. விதி தடுக்கும் இடத்தில் மீறச் சொல்லவில்லை. ஆனால் கேபிள் வழிப் பகிர்வு காற்றில் எதையும் பரப்புவதில்லை என்பதை விதி செய்பவர்கள் கவனித்து, அதையும் ஹாட்ஸ்பாட்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் கன்சோலின் வன்பொருள் முகவரியைப் பதிவு செய்து நேரடியாக அனுமதிக்கின்றன. அந்த வழி இருந்தால் அதுவே முதன்மையானது. கையளவு பயண ரவுட்டர் ஒன்று இதையெல்லாம் செய்யாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு: செய்யும், நன்றாகவே செய்யும். ஏனென்றால் அதுவும் ஒரு சிறு கணினிதான். லிங்க்சிஸ் ரவுட்டரின் மூலநிரலிலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது முதல், ரவுட்டரை நம் விருப்பப்படி பேச வைக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பயண ரவுட்டரின் வெற்றி இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. வாங்க முடிந்தவர் வாங்கலாம். முடியாதவரின் மேசையில் ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்துக்கும் அதே உரிமை இருக்க வேண்டும்.

இவற்றிலிருந்து ஒரு வரிசையை வகுக்கலாம். ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு நேராகக் கேபிள் போட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. முடியாவிட்டால் கன்சோலின் சொந்த வை-ஃபை. அதுவும் நுழைய முடியாத இடத்திலோ, சீராக இல்லாத இடத்திலோ கணினி வழியாகக் கேபிள், கடைசியாகத்தான் ஹாட்ஸ்பாட். மூன்றாம் இடத்தில் இருப்பதால் கணினிப் பகிர்வு தாழ்ந்துவிடவில்லை. முதல் இரண்டு வழிகளும் அடைபட்டவர்களுக்கு அதுதான் ஒரே வழி. ஆகவே மூன்று தரப்பினரிடம் மூன்று வேண்டுகோள்கள். கன்சோல் செய்பவர்கள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வலையில் நுழையும் வசதியைச் சேர்க்க வேண்டும். அது மென்பொருள் வேலை. கல்வி நிறுவனங்கள் மாணவரின் கன்சோலைப் பதிவு செய்ய ஒரு பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். இயங்குதளம் செய்பவர்கள் 1999-இல் கொடுத்த அந்த ஒரு டிக்கை எங்கோ ஆழத்தில் புதைத்துவிடாமல், ஐபிவி6-ஐயும் கடத்தும்படி புதுப்பித்து, அணைத்துப் போட்டாலும் நிலைத்திருக்கும்படி செய்ய வேண்டும். முதல் இரண்டும் நடக்கும் வரை, விடுதி அறையில் மூன்றாவதை நம்பித்தான் ஒரு மாணவர் கேபிளின் ஒரு முனையைக் கணினியிலும் மறுமுனையைக் கன்சோலிலும் செருகுகிறார்.